அமுக்குவானுக்குத் தடைக்காலம்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்கள் அண்ணாச்சி. எனக்கு வேண்டாம். காற்று முகத்தில் அடித்தால் கண் சொக்கிவிடும். நான் தூங்கக் கூடாது. கோவில்பட்டி வரைக்கும் பேசிக்கொண்டே போனால் தப்பித்துவிடுவேன். நீங்கள் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். பேசுவது எனக்குப் பழக்கம். முப்பத்தாறு வருடம் மைக் பிடித்தவன்.

திருச்செந்தூரில் இருந்து வருகிறீர்கள். நெற்றியே சொல்கிறது. இலை விபூதி எனக்கு வேண்டாம், உள்ளே வையுங்கள். வருத்தப்படாதீர்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூசினவர்களோடு சண்டையும் இல்லை இப்போது. ஒரு காலத்தில் இருந்தது.

என் பெயர் கதிரொளி. அப்பன் வைத்தது சுடலைமுத்து. பத்தொன்பது வயதில் ஒரு துண்டுப் பிரசுரம் படித்தேன், இருபதில் பெயரை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்பு. மீதி முழுவதும் பிரசுரம்தான். பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம், பஸ்ஸிலும் டீக்கடையிலும் லாக்கப்பிலும் படித்தது. பட்டம் வாங்கினவன் எவனும் என்னோடு மேடையில் நின்று ஜெயித்ததில்லை. நானும் பதினொரு பிரசுரம் எழுதியிருக்கிறேன். அதில் ஏழாவது, 'அமுக்குவான்: பேயல்ல, வாயு.' இருபத்துநான்கு பக்கம். மூன்று பதிப்பு போயிற்று.

அமுக்குவான் தெரியும்தானே? அமுக்குப்பேய் என்பார்கள் சில ஊரில். முழிப்பு வந்துவிடும், கை கால் வராது. கத்த நினைத்தால் தொண்டையில் முக்கல்தான் வரும். நெஞ்சில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் நான் வாயு என்று எழுதினேன். மாசி மாதம் அது எனக்கு வந்தது.

சிரிக்க நினைத்தால் சிரியுங்கள். நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பகல் பதினொரு மணி. நான் பகலில் தூங்குகிறவன், பொதுவாழ்க்கையில் அப்படி அமைந்துவிடுகிறது. மருமகள் குக்கர் வைத்திருக்கிறாள், விசில் கேட்கிறது. அடுத்த வீட்டு டிவியில் எவளோ அழுகிறாள், அதுவும் கேட்கிறது. கண் திறந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது. எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் ஐஸ் பெட்டி மாதிரி ஒரு கனம். ஈரமான கனம். பிறகு அந்த நாற்றம்.

நாற்றம் என்றால் எப்படி? இறால் ஓடு மூன்று நாள் குவிந்து கிடந்து, மேலே வெயில் காய்ந்து, அடியில் தண்ணீர் கட்டி, அந்தத் தண்ணீரில் ரப்பர் செருப்பு ஊறினால் ஒரு நாற்றம் வரும். அது. மூக்கில் ஏறி நாக்கில் இறங்குகிறது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கோவில்பட்டியில் கடல் ஏது? அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விட்டதும் எழுந்து ஓடிப்போய் முற்றத்தில் வாந்தி எடுத்தேன். மருமகள் பாண்டிச்செல்வி பார்த்துவிட்டாள். "என்ன மாமா, அமுக்குவானா?" என்றாள். பல் விளக்கியாச்சா என்று கேட்கிற மாதிரி.

"வாயு," என்றேன்.

சரி, வாயு என்றால் மருந்து இருக்கிறது. நானே எழுதியது. பதினெட்டாம் பக்கம்: படுக்கும் முன் உணவைக் குறை, இஞ்சிச் சாறு குடி, சிந்தி. மூன்றையும் செய்தேன். பத்து நாள் இஞ்சிச் சாறு. வாய் வெந்து புண்ணாயிற்று. அமுக்குவான் வந்தது. இதை எழுதின முட்டாள் யார் என்று பின் அட்டையைத் திருப்பினேன். படத்தில் துண்டு போட்டுக்கொண்டு நான் சிரிக்கிறேன்.

பிறகு ஒரு நாள் பாயைச் சுருட்டும்போது தலைமாட்டில் பழைய செருப்பு ஒன்று கிடந்தது. அறுந்த செருப்பு. அதன் மேல் ஒரு இரும்புக் கரண்டி. என் மருமகளின் வைத்தியம். என் வீட்டில், அண்ணாச்சி. என் மகனுக்கு சாக்ரடீஸ் என்று பெயர் வைத்தவன் நான். தாலி இல்லாமல், ஐயர் இல்லாமல், யார் காலிலும் யாரும் விழாமல் கல்யாணம் செய்து வைத்தவன். அன்றைக்கு அவன் பாசத்தில் என் காலைத் தொட வந்தான். மேடையிலேயே உதறிவிட்டேன். காலைத் தொடுகிறவன் முதுகெலும்பை விற்கிறவன் என்று அங்கேயே அரைமணி நேரம் பேசினேன். பாண்டிச்செல்வி வீட்டார் முகம் கறுத்துப் போயிற்று. போகட்டும். அன்றிலிருந்து என் வீட்டில் யாரும் என் காலைத் தொட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் தைலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். கொள்கை.

செருப்பைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். கரண்டியை எறியவில்லை. இரும்பு வீட்டுக்கு வேண்டும். அது இன்னும் தலைமாட்டில்தான் கிடக்கிறது. எடுத்து வைக்க நேரமில்லை.

நரம்பு டாக்டரிடமும் போனேன். சின்ன வயது, மீசை கூடச் சரியாக வரவில்லை. சொன்னான்: தூங்கும்போது நாம் கனவில் கை காலை ஆட்டிவிடக் கூடாது என்று மூளை உடம்பைப் பூட்டி வைக்குமாம். சில நேரம் மனது முந்தி முழித்துவிடும், பூட்டு திறக்காது. பாதிக் கனவு, பாதி முழிப்பு. அதனால்தான் கனம், அதனால்தான் நாற்றம். தூக்கம் கெட்டால் வருமாம். நேரம் மாறித் தூங்கினால் வருமாம். மல்லாந்து படுத்தால் அதிகம் வருமாம். வாயு என்ற சொல்லை அவன் சொல்லவே இல்லை. நானாக எடுத்துக் கொடுத்தேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க ஐயா," என்றான். மூன்று பதிப்பு போன புத்தகத்தை அவன் முன்னால் மேசையில் வைத்திருந்தேன். கண்ணாடி பேப்பர்வெயிட்டை அதன் மேல் வைத்துக்கொண்டான்.

"என்ன வேலை பாக்கீங்க ஐயா? நைட் டியூட்டி ஏதும் உண்டா?" என்று கேட்டான்.

"பொதுவாழ்க்கை," என்றேன்.

அவன் அதையே சீட்டில் எழுதிக்கொண்டான்.

வெளியே வந்து அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு நாற்றத்தின் விலாசம் ஞாபகம் வந்தது. தூத்துக்குடி, இறால் கம்பெனி வாசல்.

இரண்டாயிரத்து மூன்று, ஆனி மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய் மூன்று வாரம். கம்பெனியின் பெயர் எதற்கு, இப்போது அது இல்லை. நூற்றிருபது பெண்கள். இறால் லோடு எப்போது வருகிறதோ அப்போது உட்கார வேண்டும். விடியற்காலை வந்தால் விடியற்காலை, மத்தியானம் வந்தால் மத்தியானம். ஐஸ் தண்ணீரில் கை வைத்து உரிக்க வேண்டும். முடிந்ததும் மாடியில் ஒரு ஹாலில் வரிசையாகப் படுப்பார்கள். கண் மூடுவதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். விரல் நகம் எல்லாம் அழுகி வெள்ளையாக இருக்கும். பார்க்கவே குமட்டும். அந்த ஷெட்டில் ஐந்து நிமிடம் என்னால் நிற்க முடிந்ததில்லை. அதனால் கூட்டத்தை எப்போதும் வாசலில்தான் வைப்பேன்.

கோரிக்கை பதினொன்று நானே எழுதினேன். கையுறை, பூட்ஸ், கக்கூஸ், டீ, இப்படி. வாசல் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பெண்களே பேசட்டும் என்று ஏற்பாடு. அதுவும் என் யோசனைதான். நாலாவதாக வந்தவள் மிக்கேலம்மாள். தருவைக்குளத்துக்காரி, நாற்பது வயது இருக்கும், ஒல்லி. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்: "தோழர்களே, மாடியில படுத்தா நெஞ்சுல ஒண்ணு வந்து ஏறி உக்காருது..."

கூட்டத்தில் பாதிப் பேர் மார்பில் சிலுவை போட்டார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். கேட்டுக்கு உள்ளே மேனேஜர் நின்று சிரிக்கிறான். என்ன செய்வேன் நான்? என் வாசலில், என் மைக்கில், பேய். அருவருப்பாக இருந்தது. மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். வாங்கினேன். "தோழர்களே, இந்த அறியாமைதான் முதலாளியின் மூலதனம்," என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினேன். என் வாழ்நாளின் சிறந்த பேச்சு அது. கைதட்டலில் கம்பெனித் தகரக் கூரை அதிர்ந்தது. அவள் பக்கத்தில் வாய் திறந்தபடியே நின்றாள். பிறகு கீழே இறங்கிவிட்டாள். அந்தப் பேச்சைத்தான் பிறகு பிரசுரமாகப் போட்டேன்.

அடுத்த வாரம் மேனேஜர் என்ன செய்தான் தெரியுமா? ஹாலுக்கு ஒரு சாமியாரைக் கூட்டி வந்து பூசணிக்காய் உடைத்தான். எல்லோருக்கும் பிரியாணி போட்டான். பேய் போயிற்று, கோரிக்கையும் போயிற்று. மிக்கேலம்மாளோடு முப்பது பெண்கள் சங்கச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூடநம்பிக்கை எங்களைத் தோற்கடித்தது என்று நான் அறிக்கை விட்டேன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள், முடிக்கவில்லை. அந்த மீதிதான் எனக்கு வேண்டியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் மல்லாந்து படுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒருக்களித்துப் படுத்தாலும் வருகிறது. தூங்கப் பயந்து தூங்காமல், தூங்காததால் வந்து, வந்ததால் தூங்காமல். எனக்கு வயது அறுபத்தொன்பது. போலீஸ் அடித்தும் வராத பயம் அண்ணாச்சி. அதனால் இன்று காலை நேராகத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

தருவைக்குளம் டீக்கடையில் மிக்கேலம்மாள் என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வேப்பமரத்து அடியில் இரண்டு கிழவிகள் சாக்கு விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டலுக்காம். உரிக்கிற வேலை அவர்களை விடவில்லை. ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மிக்கேலம்மாள்தான்.

"ஏ குருசு, யாரு வந்திருக்கான்னு பாரு. மைக்கு வந்திருக்கு."

மைக்கு. அதுதான் எனக்கு அவர்கள் வைத்த பெயர். நான் முதன்முதலாக இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

மற்றவள் குருசம்மாள். அவளும் அதே கம்பெனிதான். முக்காலி எடுத்துப் போட்டாள். என் பிரசுரத்தின் புதிய பதிப்புக்குத் தொழிலாளர் வாக்குமூலம் சேகரிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். பொய் இல்லை. போடத்தான் போகிறேன்.

"எதப் பத்தி?" என்றாள் மிக்கேலம்மாள்.

"அமுக்குவான் பற்றி. ஒரு தோழருக்கு வருகிறது."

"அந்தத் தோழருக்கு என்ன வேல?"

"பொதுவாழ்க்கை."

மிக்கேலம்மாள் என் காலைப் பார்த்தாள். நான் சட்டையை மாற்றியிருந்தேன், வெள்ளைச் சட்டை. கால்சட்டையை மாற்ற நேரமில்லை. நீலம், ஓரத்தில் சிவப்புக் கோடு. கீழே கறுப்பு பூட்ஸ்.

"பொதுவாழ்க்கைக்கு இப்போ யூனிபாரம் குடுக்காவளா அண்ணாச்சி?" என்றாள்.

சரி, உங்களிடம் மறைத்து என்ன. ஏடிஎம்மில் செக்யூரிட்டி. எட்டு மாதமாக. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தொப்பி போட வேண்டும், பணம் எடுக்க வருகிற பொடியனுக்குக் கதவைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். எங்கள் சங்கக் கூட்டமைப்பு உடைந்த பிறகு என்னை வைத்துச் சோறு போட எந்தத் தோழன் வந்தான்? மகன் சோற்றில் கை நனைக்க எனக்குக் கூசும். அதனால் போகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அவனுக்கு எதற்கு? அவன் நரம்பு டாக்டர்.

"டூட்டி மாறுத வாரந்தான வருது? மொத ரெண்டு மூணு நாளு?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

அப்படி எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நான் விஞ்ஞான முறைப்படி நடக்கிறவன். வாயுவைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் தேதியும் தின்றதும் குறித்து வைத்திருந்தேன். கத்தரிக்காய், செவ்வாய். தயிர்ச் சாதம், புதன். ஒன்றுமே தின்னவில்லை, செவ்வாய். திங்கட்கிழமை டூட்டி மாறும். இரவு முறை வந்த வாரத்துச் செவ்வாயும் புதனும்தான் பக்கம் பக்கமாக.

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுதித்தான வச்சிருக்கீய. படிக்கலையா?"

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அன்றைக்கு நீ என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இன்னொரு நாப்பது நிமிசம் பேசவா?"

குருசம்மாள் சும்மா இருக்கவில்லை. ஒரு பூண்டை எடுத்து அவள் வாய்க்கு முன்னால் நீட்டினாள், மைக் மாதிரி. "பேசுட்டீ. கூட்டம் காத்துக்கெடக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மிக்கேலம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கு மாதிரியே இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தோழர்களே, மாடியில படுத்தா நெஞ்சுல ஒண்ணு வந்து ஏறி உக்காருது. எல்லாரும் பேய்ங்காவ. நான் கதவுக்குப் பின்னால சாக்பீஸால கோடு போட்டுப் பாத்தேன். லோடு மேல லோடு வந்து தூங்காத வாரம் வருது. தடைக்காலத்துல நாப்பத்தஞ்சு நாளு வீட்டுல தூங்குனோம், ஒருத்திக்கும் வரல. பேய்க்கு ஏது தடைக்காலம்? அதனால ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவுல எங்களத் தூங்க விடணும். இதான் எங்க கோரிக்க." குருசம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு நிமிசம் ஆச்சா குருசு?"

"அரை நிமிசம்கூட ஆகலட்டீ."

இருபது வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கிறாள், அண்ணாச்சி. ஒரு சொல் பிசகவில்லை.

நீங்களே சொல்லுங்கள், இது யார் தப்பு? பேச்சுக்கு ஒரு முறை இருக்கிறது. தலைப்பை முதலில் சொல்ல வேண்டும். 'தூக்கம் வேண்டும்' என்று தொடங்கியிருந்தால் நான் மைக்கைத் தொட்டிருப்பேனா? கோரிக்கை பன்னிரண்டாக்கி அவள் பெயரையே போட்டிருப்பேன். பேயை முன்னால் வைத்துப் பேசினால் எவனுக்குப் புரியும்? கதவுக்குப் பின்னால் கோடு போட்டவள் அதை எனக்குக் காட்டினாளா? காட்ட மாடிக்குக் கூப்பிட்டாள்தான், ஒரு தடவை. அந்த நாற்றத்தில் யார் ஏறுவது.

டீ கொடுத்தார்கள். குருசம்மாள்தான் கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடித்த வலது கையில் இரண்டு விரல் இல்லை. நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்: "ஐஸ் ஒடைக்க மிசினு. மூணு லோடு தொடர்ச்சியா. நின்னுகிட்டே தூங்கிட்டேன். அந்த வருசம் ஆடி மாசம்."

கூட்டம் நடந்தது ஆனியில். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த டீயில் பூண்டு வாடை அடித்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"வந்துட்டா என்ன செய்ய?" என்று கேட்டேன். தோழருக்காகக் கேட்கிற மாதிரி கூடக் கேட்கவில்லை.

"ராவு டூட்டிய விடணும். விட முடியாதுன்னா, பக்கத்துல ஒரு ஆளு வேணும்," என்றாள் மிக்கேலம்மாள். "நாங்க மொற வச்சு முழிச்சிருப்போம். தொண்டையில முக்கல் கேட்டதும் கால் கட்டவிரலப் புடிச்சு ஒரு இழு. ஒடனே விட்டுரும். ஆராவது தொட்டாப் போதும் அண்ணாச்சி. தானா எந்திரிக்கத்தான் முடியாது."

குருசம்மாள் காட்டுகிறேன் என்று குனிந்தாள். அந்த மூன்று விரல் என் பூட்ஸை நோக்கி வந்தது. காலை இழுத்துக்கொண்டேன். முக்காலி சாய்ந்தது. "காலைத் தொடாதே," என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"தொடல சாமி," என்றாள் குருசம்மாள். என்னை. சாமி என்று.

மன்னிப்புக் கேட்கப் போனேனா என்றால் இல்லை. மீதியைக் கேட்கப் போனேன், கேட்டேன், வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் அவர்கள் சிரிப்பு கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறு எதற்காவதா தெரியவில்லை.

இது எந்த ஊர்? எப்போதும்வென்றானா. பேர் வைத்தான் பார்.

இன்றைக்குக் கிழமை என்ன? செவ்வாய்தானே. நேற்றுதான் டூட்டி மாறியது. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பவும் தொப்பி. வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வேன்? சாக்ரடீஸிடமா? வா மகனே, அப்பா காலைப் பிடி என்றா? பாண்டிச்செல்வி வாய் விட்டுச் சிரிக்க மாட்டாள். அதுதான் இன்னும் கேவலம்.

கோவில்பட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கண் எரிகிறது. நேற்றுக் காலையில் இருந்து மூடவில்லை. இனி பேசியும் பயனில்லை, சொல்லே குழறுகிறது.

ஒன்று செய்யுங்கள் அண்ணாச்சி. நான் கொஞ்சம் சாய்கிறேன். என் தொண்டையில் முக்கல் கேட்டால், கண் திறந்திருந்தாலும் நம்பாதீர்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டேன். நாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கால் கட்டைவிரல். ஒரு இழுப்பு. சாமி பெயர் எதுவும் சொல்லக் கூடாது, விபூதியும் வேண்டாம்.

ஒரு கையால் பிடியுங்கள். இரண்டு கையால் பிடித்தால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.